ஊரில் எந்தப் பக்கம்?

தமிழ்நாட்டின் வாக்காளர் பட்டியல் ஒன்றைப் புரட்டினால், பெயரைப் பார்த்துச் சாதியைச் சொல்வது கடினம். ஓர் இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். சர்மா, ரெட்டி, யாதவ், பானர்ஜி என்று பெயரோடு சாதியும் சேர்ந்தே நடமாடும் மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் இதைக் கண்டு வியப்பதுண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னாலிருக்கும் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் அது பெரும்பாலும் நடந்தும்விட்டது. யாரும் சட்டம் போட்டு மிரட்டவில்லை. மக்களே விட்டார்கள். அதன் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவருக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. "சொந்த ஊர் எது தம்பி?" என்று ஆரம்பிப்பார். "பண்ருட்டி பக்கம் சார்." "பண்ருட்டியில எங்க?" "பக்கத்துல ஒரு கிராமம்." "அங்க நம்மாளுங்க நெறைய பேர் இருக்காங்களே. ஊர்ல எந்தப் பக்கம்?" கேட்பவர் குரலில் விரோதம் இருக்காது. பல சமயம் பாசம்கூட இருக்கும். பதில் சொல்பவர் எந்தத் தெருவைச் சொல்கிறார், அல்லது சொல்லாமல் எப்படிப் பேச்சை மாற்றுகிறார் என்பதிலேயே விவரம் கிடைத்துவிடும்.

முகவரியில் சாதி எப்போதும் இருந்தது. பெயரைத் துடைத்த கை அங்கே எட்டவில்லை. தமிழ்நாட்டில் சமூக ஏற்றத்தாழ்வு பற்றிய விவாதங்கள் இடஒதுக்கீடு, ஆணவக் கொலை, தேர்தல் கணக்கு ஆகியவற்றைச் சுற்றியே பெரும்பாலும் நடக்கின்றன. அவை முக்கியமானவை. ஆனால் ஒருவருடைய அன்றாடத்தை, அவர் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, செத்தால் எந்த வழியாகத் தூக்கிப்போவார்கள் என்பதையெல்லாம் முடிவுசெய்வது அவர் குடியிருக்கும் இடம். அந்த இடத்தைப் பிரித்து வைத்திருப்பதில் பழைய பண்ணையாருக்கு மட்டுமல்ல, நவீன அரசுக்கும் நகரத்துக்கும் பங்கு உண்டு. இந்தக் கட்டுரை அந்தப் பங்கைப் பற்றியது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். காலனி அரசின் கோப்புகளில் அப்படி ஒரு கோப்பு அபூர்வம். கூலி, கடன், பட்டினி எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அவர் விரல் வைத்த இடம் வீட்டுமனை. சேரியில் குடிசை போட்டிருப்பவனுக்கு அந்த மனை சொந்தமில்லை. அது மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். ஊருக்கு வெளியே தரிசு கிடந்தாலும் அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. தரிசின்மீதும் மிராசுதாருக்கே முன்னுரிமை. அடிமை முறையைச் சட்டம் ஒழித்து ஐம்பது ஆண்டுகள் ஆகியும் பண்ணையாள் நகராமல் இருந்ததற்கு, காலடியில் இருந்த மண் தன்னுடையதாக இல்லாததும் ஒரு பெரிய காரணம்.

அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையின் வழியே ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருக்க, நிலம் பெருமளவு கைமாறிப்போனது. அதை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு அருகே காரணையில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். கலெக்டரின் அறிக்கைக்கும் காரணைத் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. மாவட்டம் ஒன்றே, கேள்வியும் ஒன்றே.

1968 டிசம்பர் 25, தஞ்சைப் பகுதியின் கீழவெண்மணி. கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்ட கதை என்று அதைச் சுருக்கிச் சொல்கிறோம். 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். அதன் பிறகு வந்த சட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று, 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம். பண்ணையாரின் மனையில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. ட்ரெமென்ஹீர் கண்டுபிடித்த நோய்க்கு மருந்து வர எண்பது ஆண்டுகள் ஆயின. தஞ்சைப் பகுதியில் கூலி உழைப்பின் மதிப்பை உயர்த்தியதில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த ஓரிரு சென்ட் மனைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வீட்டைவிட்டுத் துரத்த முடியாதவனிடம் பேரம் பேசித்தான் ஆகவேண்டும்.

மனை சொந்தமானது. ஆனால் இருந்த இடத்திலேயே சொந்தமானது. அடுத்த ஐம்பது ஆண்டுகளின் சிக்கல் அங்கிருந்து தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் ஒரு நடுத்தரக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். தார்ச்சாலையில் பேருந்து நிறுத்தம், டீக்கடை, கோயில், கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து அலுவலகம். இது ஊர். இன்னொரு கிளைச்சாலை வாய்க்காலைத் தாண்டியோ ஏரிக்கரையை ஒட்டியோ இறங்கிப் போகும். அதன் முனையில் ஒரு நீலப் பலகையும் அம்பேத்கர் சிலையும் இருக்கும். சிலையைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு. அதற்கப்பால் தொகுப்பு வீடுகள், ஓர் அங்கன்வாடி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சமுதாயக் கூடம். இது காலனி. ஊரிலும் இவையெல்லாம் தனியாக உண்டு. ஒரே பஞ்சாயத்துக்குள் எல்லாம் இரண்டிரண்டாக இருப்பதைப் பார்த்து வெளியாள் ஒருவர், பரவாயில்லையே, வசதி நிறைய இருக்கிறதே என்று நினைத்தாலும் நினைக்கலாம்.

இதைச் செய்தது சாதி மட்டுமல்ல. பிரச்சினை வேண்டாம் என்ற நிர்வாகத்தின் பழக்கமும்தான். பொதுக்குழாயில் தகராறு என்று மனு வரும். கோட்டாட்சியர் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவார். இரு தரப்பும் கையெழுத்துப் போடும். முடிவில் "உங்களுக்குத் தனியா ஒரு தொட்டி கட்டிக் குடுத்துடறோம்" என்பார்கள். கேட்டவருக்குத் தண்ணீர் கிடைத்துவிடும், மறுத்தவருக்குத் தோல்வி இல்லை, அதிகாரிக்கு ஒரு கோப்பு முடியும். தீண்டாமை வழக்கு ஒன்று நலத்திட்டமாக மாறி, திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் வைக்கப்படும். 1924இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்ற உறுப்பினர்களின் முயற்சியால் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று அரசு அறிவித்தது. நூறாண்டு கழித்து, கிணறு போய்த் தொட்டி வந்து, தொட்டியும் இரண்டாகிவிட்டது.

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பர் 26 அன்று தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகளுக்கு அடுத்தடுத்து உடம்பு சரியில்லாமல் போனபோது, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னதால் மேலே ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும், டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கோயிலுக்குள் அந்த மக்கள் போக முடியாததையும் கண்டு, அங்கேயே வழக்குப் பதியச் செய்து, மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றம் சாட்டியது. அந்த மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள். குற்றவாளி யார் என்பது நீதிமன்றம் முடிவுசெய்ய வேண்டியது. என் கவனம் தொட்டியின்மீது. அந்தத் தொட்டி அந்தக் குடியிருப்புக்கு மட்டும் தண்ணீர் தந்தது. ஊர் முழுவதும் குடிக்கும் தொட்டியாக இருந்திருந்தால் அது இப்படி ஒரு குறியாகியிருக்குமா? தனியாகத் தரப்பட்ட வசதி, தனியாகத் தாக்கவும் வசதியாகிவிடுகிறது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்தை அடுத்து, தலித் குடியிருப்பைப் பிரித்து எழுந்த சுவரின் நீளம் ஏறத்தாழ 600 மீட்டர். மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராடிய பின், 2008 மே 6 அன்று அதில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடித்துப் பாதை திறக்கப்பட்டது. அந்த இடைவெளியைப் பொறுக்க முடியாமல் சுவருக்கு மறுபுறத்து ஆதிக்கச் சாதிக் குடும்பங்கள் ரேஷன் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. வீடு, வாசல், அரிசி எல்லாவற்றையும் விட்டு வெயிலில் உட்காரத் தயாராகும் அளவுக்கு அந்தச் சில அடி இடைவெளியில் என்ன இருந்தது என்பதைப் பொருளாதாரக் கணக்கால் மட்டும் விளக்க முடியாது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுமார் இருபது அடி உயரச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் தலித்துகள். அங்கிருந்தவர்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள். வழக்கில் அது வெறும் சுற்றுச்சுவர்.

அதே 2019இல், ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன காட்சியை நாடே பார்த்தது. பாதை அடுத்தவர் பட்டா நிலத்தில் இருந்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. இங்கேயும் சட்டப்படி எல்லாம் சரியாகவே இருக்கும்: நிலம் தனியாருடையது, சுடுகாடு அரசுடையது, நடுவில் வழி மட்டும் இல்லை.

டீக்கடை விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் கொட்டாங்குச்சி. பிறகு தனி கிளாஸ். பிறகு பெஞ்சுக்குப் பதில் தரை. இன்று பல கடைகளில் பேப்பர் கப். எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் தூக்கிப் போடுவது. தீண்டாமைக்கு எதிராக எந்தக் கட்சியும் நடத்தாத வெற்றிகரமான இயக்கம் இது என்று வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம். இன்னொருவர் வாய் வைத்த கிளாஸைக் கழுவிக் குடிக்கலாமா என்ற கேள்வியை யாரும் கேட்காமலேயே அது கிடப்பில் போய்விட்டது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம். தென் மாவட்டங்களில் மாணவர்களின் மணிக்கட்டைப் பார்த்தால் போதும். சிவப்பும் மஞ்சளும், பச்சையும் சிவப்பும் என்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறக் கயிறு. பெயரில் எழுதாததைக் கையில் கட்டிக்கொள்கிறார்கள். சாதிப் பட்டத்தைத் துறந்த தாத்தாவுக்குப் பேரன் அதைக் கயிறாக முறுக்கிக் காட்டுகிறான். 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் மட்டத்திலேயே அது பின்வாங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை உடன் படிக்கும் மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுத்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வீடு புகுந்து என்பதைக் கவனிக்க வேண்டும். வகுப்பறையின் பகை அவன் குடியிருக்கும் தெருவுக்கு வழி தெரிந்து வந்தது.

அதற்குப் பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் 610 பக்க அறிக்கை கொடுத்தது. கயிறு, நெற்றிக்குறி ஆகியவற்றுக்குத் தடை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சி விவாதங்கள் ஒரு வாரம் ஓடின. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு பரிந்துரை: கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயர்கள் போகவேண்டும், அவை பொதுவான பள்ளிக் கல்வித் துறையின்கீழ் வரவேண்டும் என்பது. இதற்கு எதிர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. அந்தப் பள்ளிகள் தமக்கென்று கிடைத்தவை, பொதுவில் கரைத்தால் நிலமும் நிதியும் போய்விடும் என்று அச்சப்படுகிறவர்கள் அந்தந்தச் சமூகங்களிலேயே இருக்கிறார்கள். அந்த அச்சம் பொய்யானதல்ல. பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

எல்லாம் வறுமைதான், வசதி வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்பது நம்மிடையே பழைய நம்பிக்கை. இடதுசாரிகளிடமும் உண்டு, வலதுசாரிகளிடமும் உண்டு. 1995 ஆகஸ்ட் 31 அன்று தூத்துக்குடிப் பகுதியின் தலித் கிராமமான கொடியன்குளத்துக்குள் புகுந்த போலீஸ் படை எதை உடைத்தது என்று பார்க்கலாம். வளைகுடா நாட்டுச் சம்பளத்தில் வாங்கிய டி.வி., மிக்ஸி, மின்விசிறி, சான்றிதழ்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. காதல் திருமணம் காரணம் என்று சொல்லப்பட்டது. ஆனால் எரிந்தவை பைக்குகள், பீரோக்கள், நகைகள், பள்ளிச் சான்றிதழ்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்க் கட்டட வேலையிலும் பனியன் கம்பெனியிலும் சம்பாதித்து, காரை வீடு கட்டி, வண்டி வாங்கியவர்களின் வீடுகள் அவை. ஊரில் நிலத்தை வைத்துக்கொண்டு மழையையும் கடனையும் பார்த்துக்கொண்டிருந்த எதிர்ப்பக்கத்துச் சிறு விவசாயிக்கு, காலனியில் எழுந்த மாடி ஒன்று தன் வீழ்ச்சிக்குச் சாட்சியாகத் தெரிந்தது. ஏழை தலித்தைச் சகித்துக்கொள்ளும் ஊர், கையில் காசு வந்த தலித்தைச் சகிப்பதில்லை. வறுமைதான் காரணம் என்பவர்கள் இந்தச் சாம்பலை விளக்க வேண்டும்.

அந்தப் பைக்கை ஓட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தால்?

அம்பேத்கர் 1917இல் பரோடா மன்னரிடம் வேலைக்குச் சேரப் போனார். வெளிநாட்டுப் பட்டங்களோடு ரயிலிலிருந்து இறங்கியவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. வேறு வீடு யாரும் தரவில்லை. ஒரு பூங்காவில் நேரத்தைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். கிராமத்தைவிட்டு நகரத்துக்குப் போங்கள் என்று பின்னாளில் அவர் சொன்னபோது, நகரம் சொர்க்கம் என்று நம்பிச் சொல்லவில்லை. கிராமம் அதைவிட மோசம் என்று தெரிந்து சொன்னார்.

சென்னையில் இன்று தடி இல்லை. "வெஜ் மட்டும்" என்று டு-லெட் பலகையில் ஒரு வரி இருக்கும். புரோக்கர் போனிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்: "சார், ஓனர் கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்க என்ன ஆளுங்கன்னு கேப்பாரு, தப்பா எடுத்துக்காதீங்க." ஓனர் நேரடியாகக் கேட்க மாட்டார். சொந்த ஊர், அப்பா வேலை, கும்பிடும் சாமி, கல்யாணத்துக்கு எந்த மண்டபம் என்று சுற்றி வருவார். சில பகுதிகளில் வாஞ்சையாகத் தோளில் தட்டிக்கொடுக்கும் கை, பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் கையாகவும் இருக்கும். பிறகு, "வெளிநாட்டிலேர்ந்து பையன் வரான், இப்ப வாடகைக்கு விடறதா இல்ல" என்று பதில் வரும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பலகை தொங்கும். முஸ்லிம்களுக்கு இந்தச் சுற்றெல்லாம் தேவைப்படுவதில்லை. பெயரைச் சொன்ன உடனே பேச்சு முடிந்துவிடும். தனியாக இருக்கும் பெண், திருநங்கை ஆகியோருக்கு வேறு வேறு சாக்குகள்.

சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வாளர்கள் 2012இல் டெல்லியிலும் அதை ஒட்டிய நகரங்களிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தகுதியுள்ள மூன்று வகையினர் வீடு கேட்டார்கள்: உயர்சாதி இந்து, தலித், முஸ்லிம். முதல் வகையினருக்குக் கதவு திறந்தது. தலித்துகளுக்கு மறுப்பும் கூடுதல் நிபந்தனையும். முஸ்லிம்களுக்கு அதைவிட அதிக மறுப்பு. 2015இல் முடிவுகள் வெளியாயின. அதற்கு முன், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ட்ரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களின் வார்டுகளை ஆராய்ந்தார்கள். நகரவாசிகள் வருமான அளவைவிடச் சாதியின்படியே அதிகம் பிரிந்து வாழ்கிறார்கள் என்பது 2012இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு. நகரத்தில் பணம்தான் பேசும் என்பவர்களுக்கு இது கசக்கும்.

சட்டம் இல்லாமலில்லை. தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் வீடு வாங்குவதையோ குடியேறுவதையோ தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். ஆனால் "விடறதா இல்ல" என்ற வாக்கியத்தில் குற்றத்துக்கான தடயம் எங்கே இருக்கிறது? அதோடு, ஒரு சமூகத்தார் தமக்கென்றே கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் அகமதாபாத் பார்சி சங்க வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

வாடகைக்குக் கூட வழியில்லாதவர்களை நகரம் என்ன செய்கிறது என்பதைச் சென்னையின் தெற்கே போனால் பார்க்கலாம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது கொள்கை வேறாக இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதை ஒட்டியே, அடுக்குமாடி கட்டித் தருவது. மெரினாவை ஒட்டியும் கூவம் ஓரத்திலும் நிற்கும் பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்கள் பல அந்தக் காலத்தவை. காரை பெயர்ந்து நின்றாலும் அவை நகரத்துக்குள் நிற்கின்றன. 2000இல், குடிசைவாசிகளை நகரத்துக்கு வெளியே குடியேற்றிய கண்ணகி நகர் வந்ததிலிருந்து திசை மாறியது. பிறகு செம்மஞ்சேரி, பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். சுனாமி ஒரு சாக்கு, 2015 வெள்ளம் ஒரு சாக்கு, ஆற்றங்கரை மீட்பு ஒரு சாக்கு. சென்னை மக்களில் பட்டியல் சாதியினர் சுமார் 17 சதவீதம். அப்புறப்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளில் அவர்கள் பங்கு அதைவிட மிக அதிகம். கிராமத்தில் ஊருக்கு வெளியே இருந்தது, மாநகரத்தில் மாநகரத்துக்கு வெளியே போனது.

கண்ணகி நகரின் தொடக்க கால வீடுகள் பல இருநூறு சதுர அடியைக்கூடத் தொடாதவை. வீட்டைவிடத் தூரம்தான் பெரிய தண்டனை. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண், விடிகாலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முதல் வீட்டுக்கு நேரத்துக்குப் போக முடியும். போகவர இரண்டு மூன்று மணி நேரம். நாலு வீடு இரண்டு வீடாகும். பிறகு வேலையே போகும். பையன் பள்ளியை மாற்றிக்கொள்ள முடியாமல் நிற்பான். அடுத்ததாக முகவரி வேலையைக் காட்டும். பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகள். அவற்றில் ஹவுஸ்கீப்பிங்குக்கும் செக்யூரிட்டிக்கும் எடுத்துக்கொள்வார்கள்; டிகிரி முடித்தவன் பயோடேட்டாவில் கண்ணகி நகர் என்று எழுதினால் ஒரு விநாடி யோசிப்பார்கள். அதனால் சோழிங்கநல்லூர் என்றோ துரைப்பாக்கம் என்றோ எழுதுகிறார்கள். கடன் கேட்டால் கிடைப்பதில்லை என்பதும், எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் நம் பையன்களைத்தான் பிடிக்கிறார்கள் என்பதும் அங்கே பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் குறைகள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். செய்திகள் அவர் பெயரோடு அந்த ஊரின் பெயரையும் சேர்த்தே சொன்னதில் அங்குள்ளவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒரு முகவரியை எழுதிக்கொடுக்க இருபத்தைந்து ஆண்டு காத்திருந்து ஒரு தங்கப் பதக்கம் வாங்கவேண்டும் என்பது கொடுமை.

அரசு இதையெல்லாம் அறியாமலில்லை. 1997இல் கருணாநிதி அறிவித்த சமத்துவபுரம் இந்த நோயின் வேரைத் தொட்ட ஒரே திட்டம். நூறு வீடு, நாற்பது பட்டியல் சாதியினருக்கு, பிற்பட்டோருக்கும் மிகப் பிற்பட்டோருக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றவர்களுக்குப் பத்து. அடுத்தடுத்த கதவு யாருக்கு என்பது கலந்தே இருக்கும். பொதுச் சுடுகாடு. 1998இல் மதுரை அருகே மேலக்கோட்டையில் முதல் குடியிருப்பு திறக்கப்பட்டது. 230க்கும் மேற்பட்டவை எழுந்தன. ஆட்சி மாறியதும் பராமரிப்பு நின்றது, பல பாழடைந்தன, பிறகு மறுபடி பழுது பார்க்கப்பட்டன. அதன் குறையைப் பலரும் எழுதிவிட்டார்கள்: ஊரைத் தொடாமல், ஊருக்கு வெளியே புதிதாக ஒரு சமத்துவத்தைக் கட்டியது. அது உண்மை. இருந்தாலும் யார் பக்கத்தில் யார் வீடு என்பதை அரசு முடிவுசெய்ய முடியும் என்று காட்டியதே பெரிது என்பேன்.

சமீபத்திய முயற்சி பெயர் மாற்றம். காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் தெரு, குளம், குடியிருப்புகளின் சாதிப் பெயர்களை மாற்ற அரசாணை வந்தது. சில நாட்களில் கோயம்புத்தூரில் திறக்கப்பட்ட பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பட்டது. இந்த முரணைப் பற்றி நிறையக் கேலி வந்தது. இது புதிதுமல்ல. எழுபதுகளின் இறுதியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இதே வேலை நடந்து, சி.பி. ராமசாமி ஐயர் சாலை ஐயரை இழந்தது. மயிலாப்பூரில் வீட்டு வாடகைக் கேள்விகள் அதனால் மாறிவிடவில்லை. இழிவான பெயர் பலகையிலிருந்து போகட்டும்; அதில் தினமும் குனிந்து நடப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல. ஆனால் அம்பேத்கர் நகர் என்று மாற்றினாலும் ரோஜா தெரு என்று மாற்றினாலும், வாய்க்கால் தாண்டி இறங்கும் அந்தக் கிளைச்சாலை எங்கே போகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

உண்மையான சிக்கல் பணம் செலவாகும் விதத்தில் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் எழுபதுகளின் இறுதியிலிருந்து இருக்கிறது. தமிழ்நாடு 2024இல் அதற்கென்று தனிச் சட்டமும் இயற்றியது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு அவர்களுக்கே செலவாக வேண்டும் என்பது நியாயம். அந்தப் பணத்தை வேறு திட்டங்களுக்குத் திருப்பிவிட்ட வரலாறு நீண்டது. ஆகவே கணக்கு காட்ட எளிய வழி, அந்தக் குடியிருப்புக்குள்ளேயே எதையாவது கட்டுவது. தனித் தொட்டி, தனிக் கூடம், தனிச் சுடுகாட்டுக் கொட்டகை. நியாயமான சட்டமே பிரிவினைக்குச் சிமென்ட் வாங்கித் தருகிறது. பொதுவில் கலந்தால் பணம் ஊருக்குப் போய்விடும். தனியாகச் செலவிட்டால் சுவர் உயரும். இரண்டு பயமும் அனுபவத்தில் பிறந்தவை.

என்னைக் கேட்டால், ஊருக்குரிய பொதுவானவற்றை அந்தப் பணத்திலிருந்தே காலனிக்குள் கட்டவேண்டும். பஞ்சாயத்தின் ஒரே பெரிய தொட்டி அங்கே, ஒரே ரேஷன் கடை அங்கே, ஆரம்ப சுகாதாரத் துணை நிலையம் அங்கே, மினி பஸ் திரும்பும் இடமும் அங்கே. வாய்க்காலைத் தாண்டி ஊர் வரட்டும். "எங்காளுங்க அங்க வரமாட்டாங்க சார், வீணா பிரச்சினை" என்று முதலில் சொல்பவர் ஊர்க்காரராக இருக்க மாட்டார். பெரும்பாலும் ஒன்றிய அலுவலகத்தில் இருப்பவராகவே இருப்பார். வருவார்களா என்பதற்கு ஒரு சிறிய முன்னுதாரணம் உண்டு. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தபோது, தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று கரூர் மாவட்டத்திலும் எட்டயபுரம் பக்கமும் சில பெற்றோர் மறுத்தார்கள். வழக்கமான தீர்வு, சமையல்காரரை மாற்றுவது. அந்த முறை கரூர் ஆட்சியர் பள்ளிக்கே போய் அதே உணவைச் சாப்பிட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று பெற்றோரிடம் சொன்னார். எட்டயபுரம் பக்கத்துப் பள்ளியில் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பெண் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். இரண்டாவது சமையலறை கட்டித் தருகிறோம் என்று யாரும் சொல்லவில்லை.